வரிசை மாறாத குரல்

அப்பா செத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் வேலை நாட்களில், காலையில் கதவைத் திறந்ததிலிருந்து சாயங்காலம் பூட்டும்வரை, அவர் வாயை மூடவைக்க யாராலும் முடிந்ததில்லை. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் காது சோதிக்கும் கண்ணாடி அறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி முழங்கால்களைச் சேர்த்துவைத்து உட்கார்ந்திருப்பார். அவர் காதுக்குள், பழைய பதிவிலிருந்து, அப்பா சொல்வார்: பால். கதவு. மழை. கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். எந்த இடத்தில் சொற்கள் நழுவத் தொடங்குகின்றனவோ, அங்கே அந்தக் காது முடிகிறது என்று கணக்கு.

மகனுக்கு அந்தக் குரல் தாழ்வாரத்திலேயே கேட்டுவிடும். அறைக் கதவுகள் தடித்தவை, சுவரெல்லாம் பஞ்சு வைத்தது. உள்ளே ஆள் கத்தினால்கூட வெளியே வராது. இவருக்கு மட்டும் கேட்கும். 'சாருக்குப் பாம்புச் செவி' என்று நர்சுகள் சொல்லிக்கொள்வார்கள். இவரும் மறுத்ததில்லை, காது பார்க்கும் துறைக்குத் தலைவராக இருப்பவருக்கு அப்படியொரு பெயர் இருப்பது நல்லதுதானே. ஆனால் உள்ளுக்குள் பயம். ஒரு அறையில் அப்பா கிணறு என்பார். அதே நேரத்தில் அடுத்த அறையில் விரல் என்பார். தனக்குத்தானே பதில் சொல்லிக்கொள்வது போலிருக்கும். ஒரு விடுமுறை நாளில், மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை எடுக்க வந்தபோது, மெஷின்கள் எல்லாம் அணைந்து கிடக்க, கடைசி அறைப் பக்கத்திலிருந்து 'தோள்' என்று தெளிவாகக் கேட்டது. குழாயில் தண்ணீர் ஓடுகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, கண்ணாடியை எடுக்காமலேயே திரும்பிவிட்டார். வீட்டில் கேட்டதற்கு, கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்தார்.

துறையில் அப்பாவுக்குப் பெயரே 'குரல்'தான். குரல் வந்தாரா, குரல் சாப்பிட்டாரா என்றுதான் விசாரிப்பார்கள். சொற்களைக் கொண்டு காதை அளக்கலாம் என்று இங்கே முதன்முதலில் செய்துகாட்டியவர் அவர். அதற்கு முன்பெல்லாம் டாக்டர் நோயாளியின் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டுவார். திரும்பினால் காது உண்டு, திரும்பாவிட்டால் இல்லை, அவ்வளவுதான் விஞ்ஞானம். அப்பா சொற்களைப் பொறுக்கினார், தன் குரலிலேயே பதிவு செய்தார், பாடப்புத்தகம் எழுதினார், அதன் முதல் அத்தியாயத்தில் தன்னையே உட்காரவும் வைத்துக்கொண்டார். கூச்சமெல்லாம் அவருக்குக் கிடையாது. மகனுக்குச் 'சின்னக்குரல்' என்ற பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அதே துறை, அதே நாற்காலி. தொண்டைதான் கொஞ்சம் மெலிசு.

பெரிய குரலுக்கு ஒரு குறை உண்டு: ழ வராது. பட்டியலின் மூன்றாவது சொல்லே மழை. அதை அவர் மளை என்றுதான் சொல்லியிருக்கிறார். திருத்துவதற்கு யாருக்குத் தைரியம்? ஆகவே துறையில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. அந்த இடத்தில் நோயாளி மழை என்றாலும் சரி, மளை என்றாலும் சரி, மலை என்றாலும் மார்க் உண்டு. படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். வெளியே மழை பெய்யும், உள்ளே மளை பெய்யும் என்று ஒரு கிண்டல்கூட உண்டு. இன்னொரு சட்டத்தை மட்டும் யாரும் கிண்டல் செய்ததில்லை. வரிசை மாறக்கூடாது. எளிய சொல்லில் தொடங்கிக் கடினமான சொல்லுக்குப் போகும்படி அப்பா அடுக்கிவைத்தார், அடுக்கியது அடுக்கியதுதான்.

யாருடைய காதை வைத்து அடுக்கினார் என்றால், மகனுடைய காதை வைத்து. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே சின்னக்குரலுக்கு அந்தப் பட்டியல் தெரியும். புத்தகத்தில் 'இயல்பான காது' என்று ஒரு கோடு போட்டிருக்கிறதே, அது இவருடைய காதுதான். அந்தப் பெருமையை யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பத்திரமாக வைத்திருந்தார்.

பாடப்புத்தகத்தையும் சோதனையையும் புதுப்பிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் இவர். கமிட்டியில் பக்கத்து அறை டாக்டரம்மாவும் இருந்தார். எதற்கெடுத்தாலும் புள்ளிவிவரம் இருக்கிறதா என்று கேட்பதால் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் 'புள்ளி' என்று பெயர். காது மந்தமானவர்களோடு பேசிப் பேசி, அந்தத் துறையில் எல்லாருக்குமே முகத்துக்கு நேராக உரத்துப் பேசுவதுதான் பழக்கம். முதல் கூட்டத்திலேயே புள்ளி ஆரம்பித்துவிட்டார்.

"முதல் அத்தியாயம் வேணாம் சார். அந்தக் குரலும் வேணாம். புதுசா பதிவு பண்ணலாம். ஆம்பளைக் குரல், பொம்பளைக் குரல் ரெண்டும் இருக்கட்டும்."

"அவர் இல்லாட்டி இந்தத் துறையே இல்லம்மா. நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, அந்த நாற்காலியே இருந்திருக்காது."

"தச்சருக்கு நன்றி சொல்லிடலாம் சார். அவரும் இதுலயே உட்கார்ந்திருந்தா நான் எங்க உட்கார்றது?"

ஒருவர் சிரிப்பை இருமலுக்குள் ஒளித்துக்கொண்டார். புள்ளி சிரிக்கவில்லை. "நாம தினமும் கூட்டல் கழித்தல் போடுறோம். முதல்ல கூட்டினவர் யாருன்னு யாருக்காவது தெரியுமா? தெரியாமலே விடை சரியா வருது. ஒருத்தரை எடுத்துட்டா நிக்காதுன்னா, அது விஞ்ஞானம் இல்ல சார், குடும்பம்."

சின்னக்குரலுக்குச் சுருக்கென்றது. கோபத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "அவர் குரல் தப்பா அளக்குதுன்னு காட்டுங்க. காட்டிட்டா நானே கையெழுத்துப் போடுறேன்."

சொல்லிவிட்டாரே ஒழிய, அன்றைக்கு முழுக்க வேறு வேலையில் மனம் போகவில்லை. அப்பாவின் குரல் தன்னைத் துரத்துகிறது என்று எத்தனையோ நாள் வெறுத்திருக்கிறார். ஆனால் அது நின்றுபோன கீழ்த்தளத்தை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. பயத்தோடேயே வாழ்ந்து பழகியவருக்கு, பயம் போய்விட்டால் என்ன மிஞ்சும் என்பதும் ஒரு பயம்தான்.

வீட்டில் சத்தம் குறைந்துபோய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. முன்பெல்லாம் இவர் மனைவி வாய் ஓயமாட்டாள். கையை ஆட்டி ஆட்டி, ஒரு கதைக்குள் இன்னொரு கதையை நுழைத்து, எங்கே ஆரம்பித்தோம் என்று அவளே மறந்துபோய்ச் சிரிப்பாள். பிறகு அவள் பேச்சு மங்கத் தொடங்கியது என்பது இவருடைய கட்சி. "வாய்க்குள்ளயே மென்னு முழுங்காத. திறந்து பேசு." "நான் நல்லாத்தான் பேசுறேன். உங்க காதைப் பாருங்க." பார்த்தார். ஊழியர்கள் வருடத்துக்கு ஒரு தடவை ஒருவரையொருவர் சோதித்துக்கொள்வது வழக்கம்; இவருக்கு ஒரு சொல்கூடத் தப்பவில்லை. "நூத்துக்கு நூறு. அதுவும் அப்பா குரல்ல. இனிமே இந்தப் பேச்சை எடுக்காத" என்றார். அவள் எடுக்கவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சர் ஒருவரிடம் மாதக்கணக்கில் போய்வந்தாள். அதற்குப் பிறகு கொஞ்சமாகத்தான் பேசினாள். ஆனால் நிறுத்தி, நிதானமாக, கனத்த தொண்டையில் பேசினாள். ஒவ்வொரு சொல்லும் இவருக்குக் கேட்டது. குறை எங்கே இருந்தது பார்த்தீர்களா என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்ததும் உண்டு. அந்தச் சிரிப்பை அவள் அடுத்த அறையிலிருந்து கேட்டிருப்பாள். அவள் காதுக்குத்தான் ஒன்றுமில்லையே.

சோதனைக்கு முதல் ஆள் யார் என்ற பேச்சு வந்தபோது, சின்னக்குரல் யாரையும் கேட்காமல் போய் அறைக்குள் உட்கார்ந்தார். இயல்பான காது என்று கோடு போட்டதே தன் காதை வைத்துத்தான். வேறு யார் உட்காருவது? புள்ளி கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தார். மெஷின் பார்ப்பவர் ஏதோ ஒரு பொத்தானைத் திருகினார். மெதுவாகப் பேசுகிற அளவுக்குச் சத்தத்தை வைப்பதாகச் சைகை காட்டினார்.

கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம் அப்பா வந்தார்.

பால் என்றார். இவரும் பால் என்றார். கதவு. மளை. எறும்பு. இவ்வளவு பக்கத்தில் அப்பா வந்து பேசி எத்தனை காலம் ஆயிற்று. அந்தக் கண்டிப்பு, ஒவ்வொரு சொல்லையும் மேஜைமேல் வைப்பது போல வைக்கிற அந்த நிதானம். கிணறு என்னும்போது ஒரு கரகரப்பு வருமே, அதுகூட இருந்தது. கடைசிச் சொல் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. ஹெட்போனைக் கழற்றும்போது கண் ஈரமாகியிருந்தது. அதைத் துடைக்கவும் வெட்கப்படவில்லை.

"தெளிவா இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?" என்றபடி வெளியே வந்தார்.

மெஷின்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"உட்காருங்க சார்."

"என்னன்னு சொல்லுங்கம்மா."

புள்ளி எதிரே வந்து நின்று, முகத்துக்கு நேராகச் சொன்னார். "வரிசையை மாத்தியிருந்தேன். ஒரே பட்டியலை எல்லாரும் இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருக்கோமே, மனப்பாடம் ஆகியிருக்குமோன்னு ஒரு சந்தேகம். முன்னாடியே சொன்னா நீங்க விடமாட்டீங்க. மன்னிச்சிடுங்க."

"மாத்தினா என்ன? எல்லாம்தான் கேட்டுச்சே."

"முதல்ல வந்த சொல் விரல் சார். நீங்க பால்னு சொன்னீங்க. அடுத்தது ஊசி. நீங்க கதவுன்னு சொன்னீங்க. கடைசி வரைக்கும் பழைய வரிசையிலயே சொல்லிக்கிட்டு வந்தீங்க."

"மெஷின் கோளாறா இருக்கும்."

மெஷின்காரர் ஸ்பீக்கரைத் திருப்பிச் சத்தத்தை ஏற்றினார். விரல், என்றது குரல். ஊசி. தோள். அப்பாவேதான். ஆனால் வரிசை மாறியதும் அது யாரோ ஒரு ஆள் மாதிரி இருந்தது. வழி கேட்டுக்கொண்டு வந்தவர் குரல் மாதிரி. சின்னக்குரல் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ உள்ளே எங்கிட்டப் பேசினது யாரு?"

அந்தக் கேள்விக்குப் புள்ளியிடம்கூடப் புள்ளிவிவரம் இல்லை. தெரிந்தவரை விளக்கினார். "ஏதோ முனகல் மாதிரி வருதுன்னு மட்டும் உங்க காதுக்குக் கேட்டிருக்கும் சார். அது வந்ததும் மீதியை நீங்களே போட்டுக்கிட்டீங்க. மனசுக்குத் தெரிஞ்ச குரல், தெரிஞ்ச வரிசை. ரொம்ப நாளாவே அப்படித்தான் நடந்திருக்கணும்."

பாம்புச் செவி. தாழ்வாரத்தில் கேட்ட கிணறு, விரல். விடுமுறை நாளில் கேட்ட தோள். தடித்த கதவுகள் எல்லாம் தம் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தன. இவருக்குள்ளிருந்து வந்த குரலை அவை எப்படித் தடுக்கும்?

"புதுக் குரலைப் போடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளே போய் உட்கார்ந்தார். பெண் குரலாம். சொல் ஓடும்போது ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும், அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. எங்கோ தூரத்தில் ஒரு கொசு. சொல்வதற்கு இவரிடம் ஒன்றுமில்லை. எரிந்து அணைகிற விளக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் நோயாளிகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். அவர்கள் முகத்தில் இருக்கும் அந்த அசட்டுப் புன்னகை தன் முகத்துக்கும் வந்துவிட்டதை உணர்ந்தார்.

வெளியே வந்ததும் அவர் கேட்டது தன்னைப் பற்றி அல்ல. "வருஷா வருஷம் வர்றவங்க இருக்காங்களே. லைசென்ஸுக்கு ஒரு பஸ் டிரைவர் வருவாரு. போன தடவை ஹெட்போனை மாட்டுறதுக்குள்ள பால்னு ஆரம்பிச்சுட்டாரு. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன்."

"ஞாபகம் இருக்கு சார்."

"நல்ல காதுன்னு எழுதி அனுப்பினது நான்."

"எல்லாரையும் திரும்பக் கூப்பிடலாம். அவரை இன்னைக்கே கூப்பிடுறேன்" என்றார் புள்ளி. ஜெயித்தவர் பேசுகிற பேச்சாக அது இல்லை. அவருக்கும் பயமாகத்தான் இருந்தது; அவரும் அதே பட்டியலில்தான் வருடா வருடம் நூற்றுக்கு நூறு வாங்கியவர்.

"குரலை எடுத்துடுங்க" என்றார் சின்னக்குரல். சொல்லும்போது குரல் உடைந்தது; அது அவருக்கே சரியாகக் கேட்டதோ என்னவோ. "வரிசையையும் எடுத்துடுங்க."

"முதல் அத்தியாயம்?"

"அது இருக்கட்டும். அவர் செஞ்சதை எழுதுங்க. இந்தத் தப்பையும் எழுதுங்க, மளையையும் சேர்த்து. விருப்பம் இருக்கிறவங்க படிக்கட்டும். ஆனா இனிமே யார் காதுக்குள்ளயும் அவர் வேணாம்."

அன்றைக்கு எல்லாச் சோதனைகளையும் நிறுத்திவிட்டார்கள். மெஷின்கள் அணைந்து கிடந்தன. அறைக் கதவுகள் திறந்தே கிடந்தன. சின்னக்குரல் தாழ்வாரத்தைத் தாண்டும்போது, எறும்பு, என்றார் அப்பா. கையெழுத்துப் போட்டால் நின்றுவிடுகிற சமாச்சாரமா அது? இவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டார். மனைவி துவைத்த துணிகளை மேஜைமேல் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். சீக்கிரம் வந்ததற்குக் காரணம் கேட்கவில்லை. அவள் கேள்வி கேட்பதை நிறுத்தி நாளாயிற்று.

"எனக்குக் காது கேக்கல" என்றார். "ரொம்ப நாளா. தப்பு உன் வாயில இல்ல."

அவள் ஒரு சட்டையை முழுதாக மடித்து முடித்தாள். பிறகு, அந்தக் கனத்த, நிதானமான குரலில், "தெரியும்" என்றாள்.

"எப்போலேருந்து?"

"டீச்சர்கிட்ட போன முதல் நாளே சொல்லிட்டாங்க. உன் பேச்சுல ஒரு குறையும் இல்லம்மா, வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வான்னாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"முன்னாடியே சொன்னேன். உங்ககிட்ட நூத்துக்கு நூறு இருந்துச்சு."

"குறை இல்லன்னு தெரிஞ்சப்புறமும் எதுக்கு மாசக்கணக்கா போன?"

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "மாமா மாதிரி பேசக் கத்துக்கிட்டேன். அவர் பதிவு பண்ணி வெச்சதைக் கொண்டுபோய்க் குடுத்தேன். அந்தக் கனம், அந்த நிதானம், எங்க நிறுத்துவாரு, எங்க அழுத்துவாரு, எல்லாத்தையும் டீச்சர் பழக்கிவிட்டாங்க. அந்தக் குரல் ஒண்ணுதான உங்களுக்குக் கேக்குது. வேற வழி தெரியல."

அவள் வாயையே பார்த்தார். சாப்பாட்டு மேஜையில், படுக்கையில், காய்ச்சல் வந்து கிடந்தபோது தலைமாட்டில், இத்தனை நாளும் தன்னிடம் பேசியது யார் என்று இப்போது கேட்டது. கீழ்த்தளத்தில் மட்டும்தான் அப்பா இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் அவரிடமிருந்து தப்பித்து அவரிடமே வந்துகொண்டிருந்திருக்கிறார். இவளுடைய குரலை இத்தனை வருடமும் கேட்கவே இல்லை.

"உன் குரல் எங்க?" என்றார். கேட்கும்போதே அழுகை வந்தது; அடக்கவில்லை.

"அக்காகிட்ட போன்ல பேசுவேன். நீங்க வீட்ல இல்லாதப்போ."

"எங்கிட்டயும் அதுல பேசு."

"உங்களுக்குக் கேக்காது."

"பரவாயில்ல. பேசு."

அவள் கொஞ்சம் தயங்கினாள். இவர் முன்னால் அந்தக் குரலை எடுக்கவே கூச்சமாக இருந்ததோ என்னவோ. முதலில் புருவம் உயர்ந்தது. கழுத்து தளர்ந்தது. பிறகு உதடுகள் வேகமாக அசைந்தன. வலது கை தானாக மேலே எழும்பி எதையோ வரைந்து காட்டியது. கதைக்குள் கதை நுழைகிற அந்தப் பழைய கை. நடுவில் எதற்கோ அவளே சிரித்தாள், தோள் குலுங்க. எதற்குச் சிரித்தாள் என்று தெரிந்துகொள்ள இவருக்கு உயிர் போகிற ஆசையாக இருந்தது. கேட்டதெல்லாம் ஒரு மெல்லிய முனகல். அந்த முனகல் கிடைத்ததும் அப்பா இடம் பிடித்துக்கொண்டார். பால், என்றார், அவளுடைய உதட்டுக்கு மேலேயே. கதவு, என்றார்.

அவள் நிறுத்தினாள். கேட்டதா என்று கண்ணாலேயே கேட்டாள்.

"இல்ல" என்றார் அவர். நாற்காலியை அவளுக்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்கிற அளவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "இன்னொரு தடவை சொல்லு."